நிழல் நகல் ஆகாது!



ஆண்டு மலர் என்றாலே கவிதை, துணுக்கு, வாழ்க்கையில் முன்னேற வழிகள் என்றுதான் இருக்கும். நடுவிலே கம்ப்யூட்டரில் ஃபைல் பத்திரமாக வைப்பது பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது லேப் விஷயம் மட்டும் அல்ல, நம் ஊர்ப் பிழைப்பு விஷயம். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் பார்டரும் புட்டாவும் இன்று எங்கே இருக்கின்றன? ஏதோ ஒரு வீட்டின் முன்னறையில், தூசு படிந்த ஒரு கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அது ஒருநாள் படுத்துவிட்டால் என்ன கதி என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சிங்க் என்பது வேறு, பேக்கப் என்பது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டு நம் ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது. டிப்ளமோ படிக்கிற நாம்தான் தட்டி எழுப்ப வேண்டும்.

அட்டையில் பிறந்த கம்ப்யூட்டர்

பட்டுக்கும் பாலிடெக்னிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. தறிமேல் உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அதுதான் சம்பந்தம். 1804-ம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய பொறி அது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் கொக்கி தூக்கும், துளை இல்லையென்றால் தூக்காது. ஒன்று, சுழி! நாம் முதலாண்டில் படித்த பைனரி இதுதானே?

1839-ல் ஜக்கார்டின் உருவப் படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. அதில் ஒரு படத்தை வாங்கி வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ். தம்முடைய பகுப்புப் பொறிக்கு அட்டையைப் பயன்படுத்தும் யோசனையை அவர் எடுத்தது தறியிலிருந்துதான். பிறகு 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். ஆக, தறிதான் கம்ப்யூட்டருக்குப் பாட்டன் என்றால் அது மிகையாகாது.

இதை ஏன் சொல்கிறேன்? அந்த அட்டைக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. வேலை முடிந்ததும் அட்டைக் கட்டைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு கீழே தறியில் என்ன மாற்றம் செய்தாலும் பரணில் இருக்கிற கட்டுக்கு அது தெரியாது. நாம் தவறு செய்தால் அது நம்மோடு சேர்ந்து தவறு செய்யாது. யாரும் 'பேக்கப்' என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் அதுதான் உண்மையான பேக்கப். இன்று டிசைன் கம்ப்யூட்டரிலேயே பிறக்கிறது. அட்டையில்லாத எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த இடங்களில் பென் டிரைவில் ஏறி நேராகத் தறிக்குப் போகிறது. பரணுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வேகம் வந்தது, சந்தோஷம். ஆனால் பரண் செய்துகொண்டிருந்த காவலை இப்போது யார் செய்கிறார்கள்?

நிழலும் நகலும்

"எல்லாம் கூகுள்ல இருக்குதுப்பா, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். நல்லது. ஆனால் அங்கே என்ன இருக்கிறது?

சிங்க் மென்பொருளின் வேலை, இரண்டு இடங்களை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருப்பது. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைச் சேர்த்தால் அங்கேயும் சேரும், மாற்றினால் அங்கேயும் மாறும். அப்படியென்றால் அழித்தால்? அங்கேயும் அழியும்! அது மென்பொருளின் கோளாறு அல்ல. அதற்கு நாம் கொடுத்த வேலையே அதுதான். நாம் கை தூக்கினால் நிழலும் கை தூக்கும். நாம் போனால் நிழலும் போய்விடும். நிழலைக் காட்டி, 'இதோ எனக்கு இன்னொரு ஆள் இருக்கிறான்' என்று சொல்ல முடியுமா?

பேக்கப் என்பது நேற்றைய நிலையை நேற்றைய நிலையாகவே வைத்திருப்பது. இன்று நாம் செய்யும் தவறு அதற்குத் தெரியக்கூடாது. நம் பேச்சைக் கேட்காத நகல்தான் நம்மைக் காப்பாற்றும் நகல்.

குழப்பத்துக்குக் காரணம் மக்கள் மட்டும் அல்ல. பெயர் வைத்தவர்களுக்கும் பங்கு உண்டு. விண்டோஸில் ஒன்டிரைவ் இருக்கிறதே, அது 'உங்கள் போல்டர்களை பேக்கப் செய்யவா?' என்றுதான் கேட்கிறது. சரி என்று தட்டினால் நடப்பது சிங்க். நம் டாகுமெண்ட்ஸ் போல்டரே அதன் இடத்துக்கு மாறிவிடுகிறது. அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும். பத்தாங் கிளாஸ் படித்த ஒரு தறிக்காரர் 'பேக்கப்' என்ற சொல்லை நம்பினால் அது அவர் குற்றமா?

ஒரு வீட்டில் நடந்தது

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் வீட்டிலேயே டிசைன் போடுபவர். ஐந்தாறு வருட உழைப்பு ஒரே போல்டரில் இருந்தது. வியாபாரிகளுக்குப் போனிலேயே எடுத்துக் காட்ட வசதியாக இருக்கும் என்று இலவச சிங்க் சேவை ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கோடை விடுமுறைக்கு வந்த அக்கா பையன், போனில் இடம் இல்லை, கேம் இறங்கவில்லை என்று ஒரு பெரிய போல்டரைத் தூக்கிப் போட்டுவிட்டான். பையனுக்கு அது வெறும் கட்டம் கட்டமான படம்!

ஒன்றரை மாதம் யாருக்கும் தெரியாது. கல்யாண சீசனுக்கு ஒரு வியாபாரி, போன வருடம் போட்ட அதே பார்டர் வேண்டும் என்று கேட்டபோதுதான் தேடினார்கள். "தம்பி, கொஞ்சம் வந்து பாருப்பா, நேத்து வரைக்கும் இருந்த மாதிரிதான் இருக்குது" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் இல்லை, போனில் இல்லை. இணையத்தில் உள்ள குப்பைத் தொட்டியைத் திறந்தேன், காலி. அந்தச் சேவையில் 30 நாள்தான் கெடு. மீட்பு மென்பொருளைப் போட்டும் பார்த்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஏதாவது தேறியிருக்கும். அது எஸ்.எஸ்.டி. அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துவிடுகிறது.

எது மிஞ்சியது தெரியுமா? பரணில் கிடந்த பதினொரு கட்டு அட்டை. எலி கடித்தது போக மீதியை இறக்கினோம். ஒவ்வோர் அட்டையாக வெளிச்சத்தில் பிடித்து, துளை எண்ணி, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பினோம். ஒரு புட்டாவுக்கு 180 அட்டை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வியாபாரி கேட்ட பார்டர் மட்டும் அட்டையில் இல்லை. அது நேராகக் கம்ப்யூட்டரில் பிறந்தது. ஆர்டர் வேறு வீட்டுக்குப் போயிற்று. இரண்டு தறி சும்மா நின்றது. தறி நின்றால் வீட்டில் என்ன நிற்கும் என்று நெசவாளர் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான்

"இதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு வரும் கஷ்டம்" என்று நினைக்காதீர்கள்.

2018 அக்டோபரில் விண்டோஸ் 10-ன் 1809 என்ற அப்டேட்டை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. டாகுமெண்ட்ஸ் போன்ற போல்டர்களை வேறு இடத்துக்குத் திருப்பி வைத்திருந்த சிலருக்குப் பழைய போல்டரில் இருந்த ஃபைல்கள் அழிந்துபோயின. சில நாட்களில் அந்த அப்டேட்டையே நிறுத்தி வைத்தார்கள். 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் மென்பொருளில் சிங்க் கோளாறு ஏற்பட்டுச் சிலருடைய ஃபைல்கள் காணாமல் போயின. அப்போது கூகுள் சொன்ன முதல் அறிவுரை என்ன? கணக்கைத் துண்டிக்காதீர்கள், மென்பொருளின் போல்டரை அழிக்காதீர்கள் என்பதுதான்.

2025 செப்டம்பர் 26-ம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசாங்கத் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஃபைல்களை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம், 858 டெராபைட், அப்படியே போயிற்று. வெளியில் நகல் இல்லை. அளவு பெரிது என்பதால் எடுக்கவில்லையாம்!

ஒரு நல்ல கதையும் உண்டு. 1998-ல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்கள் தவறான ஒரு கட்டளையால் அழியத் தொடங்கின. சரி, பேக்கப்பை எடு என்றால், அதுவும் சரியாக வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. காப்பாற்றியது எது? கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கம்ப்யூட்டர். அதில் ஒரு நகல் தனியாக இருந்தது. கோடிக்கணக்கில் செலவழித்த படத்தைக் காத்தது ஒரு வீட்டின் நகல். வீட்டுக் கம்ப்யூட்டர் என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

தமிழர்களுக்கு இது புதுப்பாடமும் அல்ல. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது எதனால்? பல ஊர்களில், பல வீடுகளில் ஏட்டுப் பிரதிகள் தனித்தனியாக இருந்ததால். ஒன்றில் செல்லரித்தது இன்னொன்றில் இருந்தது. அதற்கு மாறாக, 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் இருந்தது ஒரே இரவில் போனது. படி எடுத்து வேறு ஊரில் வைப்பது பண்டைய அறிவு. நாம்தான் மறந்துவிட்டோம்.

கூப்பிட்டால் என்ன பார்ப்பது?

நம்மைக் கூப்பிடத்தான் போகிறார்கள். "கம்ப்யூட்டர் படிக்கிற பையன்" என்ற பட்டம் ஏற்கெனவே நமக்கு உண்டு. போனவுடன் 'அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டா சரியாயிடும்' என்று ஆரம்பிக்காதீர்கள். என் சிறு அனுபவத்தில் தெரிந்துகொண்ட வரிசை இது:

1. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். தவறு இன்னும் பரவாமல் இருக்கும். கணக்கிலிருந்து வெளியேறாதீர்கள். எதையும் அழிக்காதீர்கள்.

2. வேறொரு கம்ப்யூட்டரில் இணையம் வழியாகக் கணக்கைத் திறந்து குப்பைத் தொட்டியைப் பாருங்கள். கூகுள் டிரைவில் 30 நாள் வரை இருக்கும். ஃபைல் இருந்தும் உள்ளே கெட்டுப்போயிருந்தால், அதன் பழைய பதிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

3. கடிகாரத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள்! பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறானால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் சிங்க் உள்ளேயே நுழையாது. தேதியை வைத்துப் புதியது எது, பழையது எது என்று முடிவு செய்யும் மென்பொருளாக இருந்தால், இன்று போட்ட டிசைனைப் பழையது என்று நினைத்து அதன்மேல் பழைய டிசைனை எழுதிவிடும். சின்னப் பேட்டரி, பெரிய நஷ்டம்.

4. இடம் இருக்கிறதா பாருங்கள். கூகுளில் இலவசம் 15 ஜி.பி. மெயில், போட்டோ, டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். ஒன்டிரைவில் இலவசம் 5 ஜி.பி. கல்யாண வீடியோவால் இடம் நிரம்பிவிட்டால் டிசைன் ஏறாது. மூலையில் ஒரு சிறு எச்சரிக்கை வரும்; அதை யார் பார்க்கிறார்கள்?

5. ஃபைலின் பக்கத்தில் மேகப் படம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கம்ப்யூட்டரில் இருப்பது பெயர்ப்பலகை மட்டுமே, சரக்கு இணையத்தில் இருக்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் பென் டிரைவில் நகல் எடுக்க முடியாது.

6. ஒரே ஃபைல் இரண்டு பெயரில் இருந்தால், இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் திறந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

7. பென் டிரைவில் பெரிய ஃபைல் ஏறவில்லை என்றால் டிரைவ் பழுது என்று வீசிவிடாதீர்கள். ஃபேட்32 அமைப்பில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. அவ்வளவுதான்.

செலவாகுமே என்பவர்களுக்கு

பேக்கப் என்றாலே பெரிய செலவு என்று ஒரு பயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 480 கொக்கி அகலம், 1,000 ஊடை நீளம் உள்ள ஒரு டிசைன் என்றால் 4,80,000 கட்டம். கட்டத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் அரை எம்.பி.கூட இல்லை. ஒரு 16 ஜி.பி. பென் டிரைவில் இப்படி முப்பதாயிரம் டிசைன்களுக்கு மேல் வைக்கலாம். ஒரு குடும்பம் மூன்று தலைமுறை போட்டாலும் நிரம்பாது!

பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய 3-2-1 என்றொரு விதி உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் அல்லது வேறு வீட்டில். நம் ஊருக்கு இதை இப்படிச் சொல்லலாம்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பீரோவில், ஒன்று மாமியார் வீட்டில்! ஒன்னுபுரத்தில் இருப்பவர் முள்ளிப்பட்டில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஒரு பென் டிரைவை வைத்தால் என்ன குறைந்துவிடும்? மாதம் ஒருமுறை விருந்துக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பேக்கப் எடுத்ததும் கேபிளைக் கழற்றி வையுங்கள். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த வான்னாக்ரை போன்ற பணம் பறிக்கும் வைரஸ், கம்ப்யூட்டரில் செருகி வைத்த டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். சிங்க் இருந்தால், பூட்டிய ஃபைலை அது அக்கறையாக இணையத்துக்கும் ஏற்றிவிடும். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு ஊருக்குப் போகலாமா?

சிங்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நல்ல சேவகன். போனில் காட்டலாம், வியாபாரிக்கு அனுப்பலாம், கம்ப்யூட்டர் திருட்டுப் போனால் ஃபைலாவது மிஞ்சும். சேவகனைக் காவல்காரன் என்று நம்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

என் கோரிக்கை

நம் பாடத்திட்டத்தில் சி மொழி இருக்கிறது, நெட்வொர்க் இருக்கிறது. நல்லது. ஆனால் நாம் செய்முறைத் தேர்வில் ஒருமுறையாவது, அழிந்துபோன ஒரு போல்டரைப் பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டியிருக்கிறோமா? பேக்கப் எடுப்பது பாதி வேலை. அதைத் திரும்பக் கொண்டுவந்து, ஃபைலைத் திறந்து பார்ப்பதுதான் மீதிப் பாதி. மீட்டுப் பார்க்காத பேக்கப், ஊற்றிப் பார்க்காத பால் செம்பு மாதிரி. உள்ளே பால் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று விருந்தாளி வந்த பிறகுதான் தெரியும்.

எனவே நம் மாணவர் பேரவைக்கு என் யோசனை இது. கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம் நடத்துகிறோம். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண சீசன் தொடங்கும் முன்பு, ஒரு 'மீட்பு முகாம்' நடத்துவோம். டிசைன் போடும் வீடுகளுக்கு இரண்டு இரண்டு பேராகப் போவோம். கடிகாரத்தைப் பார்ப்போம், பேட்டரியை மாற்றுவோம், இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்துக் கொடுப்போம். அதிலிருந்து ஒரு டிசைனையாவது அவர்கள் கண்ணெதிரே திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்குவோம். அவர்களுடைய டிசைனை நம் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பதையும் நம் விதியாக வைத்துக்கொள்வோம். அது அவர்கள் சொத்து.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மேடை வேண்டாம், மாலை வேண்டாம். முப்பது பேர் வந்தால் போதும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. போன பிறகு தேடிக் கொடுக்கும் கெட்டிக்காரர்களாக இருப்பதைவிட, போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்புள்ளவர்களாக இருப்பதே டிப்ளமோ படித்தவனுக்கு அழகு.

பெயர் கொடுக்க விரும்பும் நண்பர்கள் பேரவை அலுவலகத்தில் கொடுக்கலாம். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை: இன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனதும், நம் இறுதியாண்டு புராஜெக்ட் ஃபைல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நிழலைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணுங்கள்!